நீ பார்க்காத ரொட்டி

என் செல்லத் தம்பி ரவிக்கு,

செல்லம் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் வேறு எப்படி எழுதுவது? நீ பிறந்த நாளிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழகிய வாய். உன்மேல் கோபம் இருக்கிறது. கொஞ்சநஞ்சமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொள்.

உன் மகள் கவிஷாவுக்குக் காய்ச்சல் முழுசாக விட்டுவிட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, சிரித்தால் உன் முகம். உன் பெண்சாதி தர்சினி திரும்ப மலைக்கு வருகிறாள், எனக்குப் பக்கத்து நிரையில்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். யாரோடும் அதிகம் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர், உன் மச்சான், உன்னுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார், கை நீளம் போதவில்லை என்று குறை வேறு. உன் முப்பத்தோராம் நாளைக் குறையில்லாமல் செய்தோம். படையல் இலையில் உனக்குப் பிடித்த எல்லாம் வைத்தேன். அதோடு அந்தத் தேங்காய் ரொட்டியையும் வைத்தேன், பச்சை மிளகாய் பொடியாக வெட்டிப்போட்டு. இப்போது அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதை ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறாய், செத்தவனை ஊர் முன்னால் நிறுத்தலாமா என்று உன் மச்சான் கேட்டார். எங்கள் அம்மாவை அவன் ஊர் ஊராகச் சொன்னானே, அப்போது யார் கேட்டது என்றேன். மனுஷன் எழுந்து வெளியே போனார். நீ வாயைத் திறக்காமல் கேள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, மண் சரிந்து எங்கள் லயத்து வீடுகள் மூடிப்போன அந்தக் காலை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், பதினேழு வயதில் நீ. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் நேரம் பிந்தினால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார் என்று நான் ஓடினேன். வாசலில் அம்மா கையில் எதையோ வைத்தார்கள். ரொட்டிதான், அது தெரியும். நடந்துகொண்டே தின்றேன். பாதை வழுக்குகிறதா, கூடைக் கயிறு சரியாக இருக்கிறதா, யார் யார் முன்னால் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். வாய்க்குள் போனதை மட்டும் பார்க்கவில்லை. நம் தோட்டத்தில் யார்தான் பார்க்கிறார்கள்? ஓட்டத்தில் தின்னவே பிறந்தவர்கள் மாதிரி ஒரு கூட்டம் நாம்.

ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மலையில் நின்றுகொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அம்மாவை நாம் கண்டெடுக்கவே இல்லை.

அகதியாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், மேசையில் சாப்பாட்டுப் பார்சலை வைத்துக்கொண்டு நான் உன்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ரவி, அம்மா காலையில என்னடா குடுத்தாங்க? எனக்கு ஞாபகம் வரலடா. தேங்காப்பூ போட்டிருந்தாங்களா, வெறும் மாவா, ஒண்ணுமே தெரியல" என்று அழுதேன். அம்மா செத்ததற்கு அழுததைவிட அதற்கு அதிகம் அழுதேன் என்று நினைக்கிறேன். கடைசியாகப் பெற்றவள் கையால் தின்றது என்னவென்று தெரியாத ஒருத்தி உலகத்தில் உண்டா?

நீ பார்சலை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். பிறகு சொன்னாய். "தேங்கா ரொட்டி அக்கா. பச்ச மொளகா பொடிசா வெட்டிப் போட்டிருந்தாங்க. ஒரு ஓரம் கருகியிருந்துச்சு. கட்டச் சம்பலும் வச்சாங்க. நான் உக்காந்து ரெண்டு ரொட்டி தின்னுட்டுத்தான் ரோட்டுப் பக்கம் போனேன். ஒரே மா பிசைஞ்சதுதானே, ஒனக்கும் அதான்."

எனக்கு அப்போதே ஒரு சின்னச் சந்தேகம். அம்மா ரொட்டிக்குப் பச்சை மிளகாய் போடமாட்டார்களே. ஆனால் நீ அந்தக் கருகின ஓரத்தைச் சொன்னாய் பார், அங்கேதான் நான் விழுந்தேன். கருகின ஓரத்தை யாராவது பொய்யாகச் சொல்வார்களா?

அன்றைக்கு அந்தப் பார்சலைப் பிரித்து நீதான் ஆரம்பித்தாய். "இனிமே மொத வாய் மட்டும் பாத்துத் திம்போம் அக்கா. பேசாம. கண்ண மூடி, ருசி போற வரைக்கும். அப்பறம் எப்படி வேணும்னாலும் தின்னுக்கலாம்." கடைசி எது என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொரு சாப்பாட்டிலும் முதல் வாயைக் கவனிப்போம் என்று சொன்னாய். பதினேழு வயதுப் பயல் இவ்வளவு பெரிய பேச்சுப் பேசுகிறானே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

சொன்னபடி செய்தேனடா. பன்னிரண்டு வருஷம், ஒரு நாள் தவறாமல். மலையில் சாப்பாட்டு நேரத்துக்குச் சாக்கை விரித்துப் பத்துப் பெண்கள் உட்காருவோம். நான் முதல் வாயை வைத்துக் கண்ணை மூடுவேன். "புவனா சாமி கும்புடுறா, கொஞ்சம் சும்மா இருங்கடி" என்று கேலி பண்ணுவார்கள். கேலி பண்ணினவர்களில் நாலு பேர் இப்போது தாங்களும் கண்ணை மூடுகிறார்கள். ஒருத்தி சொன்னாள், "இவ்வளவு நாளா எங்க வீட்டுப் பருப்புல பூண்டே போடுறதில்லன்னு இப்பதான் எனக்குத் தெரியுது." அன்றைக்கெல்லாம் சிரிப்பு.

சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. லபக் லபக்கென்று விழுங்கி எனக்கு நாள் தவறாமல் வரும் விக்கலும் நெஞ்செரிச்சலும் போய்விட்டன. முதல் வாயை மென்று தின்றால் இரண்டாவது வாயும் தன்னால் மெதுவாகிறது. வெறும் சோறும் கீரையும் என்றாலும் இன்றைக்கு என்ன தின்றோம் என்று சாயங்காலம் கேட்டால் சொல்ல முடிந்தது. விறகு ஈரமாக இருந்த நாளில் தேத்தண்ணியில் புகை தெரியும். தர்சினி கோபமாகச் சமைத்த நாளில் உறைப்புத் தெரியும். உனக்கு நான் எத்தனை தரம் நன்றி சொல்லியிருப்பேன்? நீ ஒவ்வொரு தரமும் வேறு பக்கம் பார்ப்பாய். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன், மடச்சி.

வருஷா வருஷம் அம்மா நாளில் அந்த ரொட்டியைத் தட்டினேன். பச்சை மிளகாய் போட்டு, வேண்டுமென்றே ஒரு ஓரத்தைக் கருகவிட்டு. நீயும் எதிரே உட்கார்ந்து தின்றாய். எப்படியடா உனக்குத் தொண்டைக்குள் இறங்கியது?

இப்போது எல்ல ஊரில் நடந்த கதைக்கு வருகிறேன்.

நீ வேலை செய்த ஹோட்டலிலிருந்து உன் சாமான்களை எடுத்துப்போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். தர்சினி வரமாட்டேன் என்றாள். நான் பதுளையில் ரயில் ஏறிப் போனேன். அங்கே தலைமைச் சமையற்காரர் நஸீர் நானாதான் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தார். பண்டாரவளைக்காரர், நல்ல மனுஷன், உன்னைப் பற்றிப் பேசும்போதே அவருக்குக் கண் கலங்கியது. உன் பெட்டியை எடுத்துவர ஆள் போயிருந்த நேரத்தில் மரத்தடியில் வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர் பாயில் வட்டமாக உட்காருவதைப் பார்த்தேன். ஒவ்வொருத்தர் முன்னாலும் வாழையிலைத் துண்டு. இலையில் சின்னதாக ஒரு ரொட்டி.

எட்டிப் பார்த்தேன். பச்சை மிளகாய் தெரிந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது.

ஒரு பையன் சின்ன மணி ஒன்றை அடித்தான். ஒரு அட்டையை எடுத்து இங்கிலீஷில் வாசித்தான். எல்லாரும் கண்ணை மூடினார்கள். "என்ன வாசிக்கிறார் நானா?" என்று கேட்டேன். "இது தம்பி தொடங்கினதுதானே தங்கச்சி. கவனமாச் சாப்புடுற பயிற்சி. இங்க வாறவங்களுக்கு இதுதான் பெரிய விருப்பம்" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு அட்டையில் இருந்ததைத் தமிழில் சொன்னார். 'மலை சரிந்த காலையில் என் தாய் கடைசியாகத் தந்த ரொட்டி இது. உங்கள் கடைசி வாய் என்று நினைத்து மெதுவாகச் சாப்பிடுங்கள்.'

அடப்பாவி! அம்மாவை அட்டையில் எழுதிவிட்டாயே! நானும் நீயும் மட்டும் வைத்திருந்த ஒன்றை மணி அடித்துப் பரிமாற உனக்கு எப்படி மனசு வந்தது? சொந்தப் புருஷனிடம்கூட நான் அந்தக் கருகின ஓரத்தைப் பற்றிச் சொன்னதில்லை. வட்டத்தில் ஒரு பொம்பளை விசும்பி விசும்பி அழுதாள். செத்தது என் அம்மா, அழுகிறது அவள். எழுந்துபோய் அந்த இலையை இழுத்துப் போடலாமா என்று வந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

என் முகத்தைப் பார்த்து நானா பயந்துவிட்டார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் பேசினார், பாவம். "கோபப்படாதீங்க தங்கச்சி. அவன் இத விளையாட்டுக்குச் செய்யல. உம்மா நீட்டின ரொட்டியத் தட்டிவிட்டுட்டுப் போனேனே நானா, என்ன ரொட்டின்னு கூடப் பாக்கலையேன்னு எத்தன தரம் இந்தக் குசினியில நின்டு அழுதிருக்கான் தெரியுமா?"

"என்ன சொல்றீங்க?" என்றேன்.

"கொழும்புக்குக் கட வேலைக்குப் போறதுக்கு உம்மா விடலன்னு சண்ட புடிச்சிக்கிட்டு, சாப்புடாமப் போய் மதகுல உக்காந்தவன்தானே. அதுலதான உசிரு தப்பினான்." அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ். ஒங்களுக்குத் தெரியும்னுதானே நான் நெனச்சேன்."

எனக்குத் தெரியாது ரவி. எனக்கு ஒன்றுமே தெரியாது.

நீ அந்த ரொட்டியைத் தின்னவில்லை. பார்க்கக்கூட இல்லை. பச்சை மிளகாயும் கிடையாது, கருகின ஓரமும் கிடையாது. பள்ளிக்கூடத்து மேசையில் உட்கார்ந்து நீ அதைச் சுட்டு என் கையில் கொடுத்தாய். நானும் பன்னிரண்டு வருஷம் அதைத்தான் கண்ணை மூடித் தின்றேன். என் அம்மாவின் கடைசி ருசி என்று என் வாயில் இருந்தது அம்மாவுடையதே இல்லை. ஹோட்டலில் கூட்டம் சேர்த்ததைக்கூட வயிற்றுப்பாடு என்று மன்னித்துவிடுவேன். இதை எந்தக் கணக்கில் மன்னிப்பது? தெரியாது அக்கா, நானும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போமே. தட்டிவிட்ட கையைத் தனியாகவே தூக்கிக்கொண்டு திரிந்தாயே, நான் என்ன அந்நியமா?

அட்டையை நானா எடுத்துவந்து என் கையில் தந்தார். அந்த ரொட்டியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். "சொல்லிப் பாக்குறேன் தங்கச்சி" என்றார். நிறுத்தினார்களோ இல்லையோ. அட்டையைக் கிழிக்கலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன். உன் கையெழுத்து.

அதற்குப் பிறகு என்னால் முதல் வாய் சாப்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த மணிச் சத்தம் கேட்கிறது. மலையில் நின்றுகொண்டே தின்கிறேன். என்ன தின்றேன் என்று கேட்டால் தெரியாது. விக்கல் திரும்ப வந்துவிட்டது. "சாமி மலையேறிருச்சா புவனா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாடி, எறங்கி வராது" என்று எரிந்து விழுந்தேன்.

இப்படி இருபது நாளுக்கு மேல், மூன்று கிழமை போனது. போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். தர்சினி துணி துவைக்கப் பீலிக்குப் போயிருந்தாள். கவிஷா சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வாயை வைத்தாள், கண்ணை மூடினாள். நீ பழக்கினது. மூடின கண்ணுக்குள் முழி ஓடுவது தெரிந்தது. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அத்தை, அப்பா கடைசியா என்ன சாப்புட்டாங்க? நீங்கதானே குடுத்தீங்க?"

நான்தான். நீ காய்ச்சலில் கிடந்த அந்த ஐந்து நாளும் இவளுக்கும் காய்ச்சல், தர்சினியால் இவளை விட்டு நகர முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் இந்தப் பிள்ளை சாகும்வரை வைத்திருக்கப்போகிற ருசி. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நீ இருந்த இடத்தில் நான் இருந்தேன்.

உனக்குச் சொல்வதற்கென்ன, பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கு, கட்டச் சம்பல், நல்லாச் சாப்பிட்டாங்க, உன்னைக் கேட்டாங்க. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. கிழங்கில் ஒரு பக்கம் சரியாக வேகவில்லை என்றுகூட ஒன்று வந்தது, உன் கருகின ஓரம் மாதிரி. எவ்வளவு சுலபமாக வருகிறது தெரியுமா? தெரியும், உனக்குத் தெரியாமலா.

"கஞ்சி" என்றேன். "மூணு கரண்டி. அதுக்கு மேல முடியல. ருசி தெரியலக்கான்னு சொன்னாங்க."

"வேற ஒண்ணும் சாப்புடலியா?"

"இல்லம்மா."

தட்டைத் தள்ளி வைத்தாள். "எனக்கும் அந்தக் கஞ்சி வச்சிக் குடுங்க அத்தை" என்றாள்.

அடுப்பைப் பற்றவைத்தேன். அன்றைக்கு வைத்தது போலவே வைத்தேன். இரண்டு பிடி பச்சரிசி, நிறையத் தண்ணீர். உப்பு டப்பா கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

இதை யாருக்கும் சொல்லவில்லை ரவி, உன் மச்சானுக்கும் சொல்லவில்லை. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், உனக்கு உடுக்க மாற்றுச் சாரம் எடுக்க வேண்டும், கிளினிக்கில் எழுதித் தந்த துண்டு எங்கே என்று நூறு யோசனையோடு அந்தக் கஞ்சியை வைத்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன், கஞ்சியைப் பார்க்கவில்லை. உன்னை அடக்கம் பண்ணி மூன்றாம் நாள், உனக்குக் கஞ்சி கொண்டுவந்த பிளாஸ்கைக் கழுவும்போது அடியில் இருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளித்துக்கொண்டு வந்தது. உப்பு மட்டும் ஒரு கல்கூட இல்லை.

கவிஷா ஒரு கரண்டி வைத்துக் கண்ணை மூடினாள். நானும் ஒரு கரண்டி வைத்து மூடினேன், மூன்று கிழமைக்குப் பிறகு. மணிச் சத்தம் கேட்கவில்லை.

"அத்தை, இதுல உப்பே இல்ல."

"ஆமாம்மா. அத்தை அவசரத்துல போட மறந்துட்டேன். அப்பாவுக்கும் அப்படித்தான் குடுத்தேன்."

"அப்ப அப்பாவுக்கு ருசி போகல. நீங்கதான் உப்புப் போடல" என்றாள், பல் விழுந்த ஓட்டை தெரிய. ஆறு வயது. இரண்டாவது கரண்டியையும் வைத்துக்கொண்டாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். முதல் வாயை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவன் நீ. அன்றைக்கும் கண்ணை மூடித்தான் முதல் கரண்டியை வாங்கினாய், நான் பார்த்தேன். உப்பில்லை என்று உனக்குத் தெரியாமலா போயிருக்கும்? உப்பில்லை அக்கா என்று சொல்லாமல் ருசி தெரியலக்கா என்றாயே! அதுவும் பொய்யா? சாகப்போகிற நேரத்திலும் என்னிடம் பொய்தானா? உன்னைத் திட்டவும் முடியாமல், கட்டிப்பிடித்து அழவும் முடியாமல் அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தர்சினி ஈரத் துணியோடு வந்து பார்த்தாள். கிண்ணத்தை எடுத்து அவளும் ஒரு கரண்டி சாப்பிட்டாள்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. போகவில்லை. அம்மாவின் ரொட்டியை நீ எனக்குத் திருப்பித் தரவே முடியாது, அதை நான் செத்து வந்தாலும் உன்னிடம் கேட்பேன். ஆனால் வாக்கு ஒன்று தருகிறேன். வருகிற அம்மா நாளில் பச்சை மிளகாய் ரொட்டி தட்டமாட்டேன். பாட்டி கடைசியாக என்ன தந்தாங்க என்று கவிஷா ஒரு நாள் கேட்பாள். எனக்கும் தெரியாது, உங்கப்பாவுக்கும் தெரியாது, நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை என்று சொல்வேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் உண்மையாக இருப்பது மூன்று கரண்டிக் கஞ்சி. உன் நாளில் அதைத்தான் வைப்பேன். உப்புப் போடாமல், உட்கார்ந்து, பார்த்து.

உப்புப் போட மறந்த உன் அக்கா,
புவனா